பிளக்கில் குறை இல்லை

மெதுவா வையும் தம்பி. உள்ள இருக்கது பீங்கான். அது ஒடஞ்சாலும் எனக்க தலையிலதான் விழும்.

இது என்னதுன்னு தெரியுதா? ரைஸ் குக்கர் இல்ல. நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன். ஸ்லோ குக்கராம். சட்டுன்னு வேவதுக்குத்தான ஒலகத்துல ஆளுவ மண்டையப் போட்டு ஒடச்சி ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சிட்டு வாறான்? ஒருத்தன் மட்டும் தனியா ஒக்காந்து, மெதுவா வேவதுக்கு ஒரு மெசினு கண்டுபிடிச்சிருக்கான். மெதுவா வேவதுக்கு மெசினு எதுக்கு? ஈர வெறக வச்சி ஊதுனா போராதா?

பிரியும், பிரியும். நீரு பிரிச்சிகிட்டே இரும், நான் சொல்லுகேன். சொன்னாத்தான உமக்கு எந்த எடத்துல பாக்கணும்னு தெரியும். எனக்கு இதப் பிரிக்கத் தெரியாமலா உம்மகிட்ட கொண்டு வந்தேன்? கரண்டாபீசுல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவனாக்கும் நான். தாசையன்னு கேட்டா இந்தப் பக்கத்துல போஸ்டுகூட பேரு சொல்லும். ஆனா நான் பிரிச்சா செல்லாதாம். வெளி ஆளு ஒருத்தரு பிரிச்சிப் பாக்கணுமாம். வீட்டுல உத்தரவு.

எனக்க மவ ஷைனி அயர்லாந்துல நர்சு. மருமவன் ஆன்றோவும் அங்கதான், ஏதோ கம்பெனியில கம்ப்யூட்டர் வேல. கல்யாணம் முடிஞ்ச கையோட போனவங்க, இப்பத்தான் மொதல் மொறையா லீவுல வந்தாங்க. மருமவன் வீட்டுக்கு வந்தா நம்ம பக்கத்துல என்ன செய்வோம்? அவரு ஒக்காரணும், நாம போடணும். கோழி, மீனு, எறச்சின்னு எல வழியணும். எனக்க அண்ணன் மத்தியாஸ் அவருக்க மருமவனுக்கு வச்ச விருந்த இன்னைக்கும் சொந்தக்காரங்க பேசுகாங்க. அதுக்கு ஒரு படி மேல நான் வைக்கணும். அண்ணனையும் மைனியையும் ஞாயித்துக்கிழம ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாச்சு. அண்ணன் வந்து எனக்க வீட்டு மேசையப் பாக்கணும், பாத்து வாயடைச்சிப் போவணும். எனக்கு அது ஒண்ணுதான் வேண்டியிருந்துது.

அப்பதான் மருமவன் பெட்டியத் தொறந்து இத வெளிய எடுக்காரு. "மாமா, ஞாயித்துக்கிழம நான் சமைக்கேன். அத்த அன்னைக்கு அடுக்களப் பக்கமே வரப்பிடாது"ங்காரு.

மருமவன் சமைக்கதா? மாமனார் வீட்டுலயா? நீரு எங்கயாவது கேள்விப்பட்டதுண்டா? நான் சிரிச்சேன், வெளையாட்டுக்குச் சொல்லுகாருன்னு. எமல்டாவும் சிரிச்சா. எமல்டா எனக்க வீட்டுக்காரி. செரி, அவ என்ன சொல்லியிருக்கணும்? "நீங்க ஒக்காருங்க மக்களே, நான் பாத்துகிடுகேன்"னு சொல்லதுதான மொற? அவ சொல்லுகா, "செரி மக்களே." அவ்வளவுதான். ஒரு மறுப்பு கெடயாது, ஒரு வெக்கம் கெடயாது. செரி மக்களே!

அந்த பிளக்கப் பாரும். அந்த நாட்டு பிளக்கு பட்டக் காலு, நம்ம போர்டுல நொழயாது. நான்தான் அத வெட்டிப் போட்டுட்டு நம்ம பிளக்க மாட்டுனேன். தொறந்து பாரும். ஒரு இழ வெளிய துருத்திகிட்டு நிக்குதா? நிக்காது. வேணும்னா ஆட்டிப் பாரும். அத நல்லாப் பாத்து வச்சிக்கிடும், பின்னால வேண்டிவரும்.

ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் எறச்சி வாங்கப் போனோம். நல்ல தொட எறச்சி தொங்குகு. எலும்போட வாங்குங்கன்னு நான் சொல்லி வாய மூடல, இவரு கடைக்காரன்கிட்ட, "அண்ணே, கொத்தித் தாங்க"ங்காரு. கொத்துன எறச்சி! பல்லு போனவங்களும் கைக்கொழந்தையும் திங்கதாக்கும் அது. கடைக்காரன் என்னயப் பாத்து, "சாருக்குப் பல்லு வலியா?"ன்னு கேட்டான். நான் அந்தால ரோட்டப் பாத்துகிட்டு நின்னேன்.

சமையல் என்னன்னு கேளும். கேட்டா நீரே சிரிப்பீரு. உருளக்கெழங்க வட்ட வட்டமா அரிஞ்சாரு, தோலுகூட முழுசாச் சீவல. எறச்சிய வெங்காயம், வெள்ளப்பூண்டு போட்டு ஒரு வதக்கு. பின்ன சட்டிக்குள்ள கெழங்கு ஒரு அடுக்கு, எறச்சி ஒரு அடுக்கு, மறுபடியும் கெழங்கு ஒரு அடுக்கு. மெத்த விரிக்காரு. உப்பு, நல்லமொளவு. அதுக்க மேல பாலுல மைதாவக் கலக்கி ஊத்துகாரு. மாட்டெறச்சியில மாட்டுப் பாலு! வேற ஒண்ணும் கெடயாது. மல்லி கெடயாது, வத்தல் கெடயாது, தேங்கா கெடயாது. தேங்கா இல்லாம எறச்சி வச்ச வீடு இந்த ஜில்லாவுல ஒண்ணு காட்டும் பாப்போம்.

"எளுப்பம் மாமா. மூடி வச்சா அது பாட்டுக்கு வெந்துகிடும். ராத்திரி வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்காண்டாம்"னாரு. அங்க ரெண்டு பேருக்கும் வேலயாம், காலையில வச்சிட்டுப் போனா சாயங்காலம் வந்து தின்னலாமாம். ஆளு இல்லாத வீட்டுல தானா வெந்த சோத்தத் தின்னதுல பெருமை வேற. "மூடிய மட்டும் தொறக்கப்பிடாது மாமா, தொறந்தா சூடு போவும்"னு என்கிட்ட சொல்லுகாரு. நான் ரெண்டு மட்டம் தொறந்து பாத்தேன். பாக்காம எப்பிடி? ஒரு கொமிழி கெடயாது. ஒரு சத்தம் கெடயாது. எறச்சின்னா அது வேவது தெருவுக்குக் கேக்கணும், அடுத்த வீட்டுக்காரன் மூக்க உறிஞ்சணும். இது பொணம் மாதிரி இருக்கு.

மத்தியானம் கழிஞ்சி, எல்லாரும் சங்குத்துறைக்குக் கடல் பாக்கப் போவோம்னு மவ சொன்னா. மருமவன் வண்டி பிடிச்சிட்டாரு. இதுல எமல்டாவும் பொறப்பட்டா. அவ எங்கயும் வரமாட்டா தம்பி. எப்பிடி வருவா? வீட்டுக்கு ஆளு வாற அன்னைக்கு அடுக்களையில வேல கெடக்குமே. நாங்க போவோம், வருவோம், வந்தா சாப்பாடு மேசையில இருக்கும். அதுதான் எங்க வீட்டு வழக்கம், அவளுக்கும் அதுல ஒரு கொறயும் இருந்ததில்ல. இருந்தா சொல்லியிருப்பால்லா? அன்னைக்கு பீரோவுக்குள்ள கெடந்த நீலச் சேலைய எடுத்து உடுத்துகிட்டு, எல்லாருக்கும் முன்னால போய் வண்டியில ஒக்காந்தாச்சு. "பாரு மோளே, கையில உள்ளி நாத்தமே இல்ல"ன்னு மவகிட்ட கைய நீட்டிக் காட்டுகா. மவ வாங்கி மணத்துப் பாக்கா. என்ன கூத்தோ.

வீட்டப் பூட்டதுக்கு எப்பவும் நான்தான் கடைசி. எனக்க சர்வீசுல எத்தன வீடு கருகிக் கெடந்ததப் பாத்திருக்கேன் தெரியுமா? ஆளு இல்லாத வீட்டுல சுவிட்சு போட்டுக் கெடக்கப்பிடாது. அது சட்டம். டிவி, ஃபேன், மோட்டாரு, அயன்பாக்ஸ், எனக்க கை தானாப் போவும், நான் நெனைக்கவே வேண்டாம். அப்பிடியே அடுக்களைக்குள்ள வந்தேன். இதுக்க செவப்பு லைட்டு எரிஞ்சிகிட்டு நிக்கு. செத்த நேரம் பாத்துகிட்டு நின்னேன். பின்ன தட்டுனேன். அணஞ்சிது. மனசுக்கு ஒரு நிம்மதி. பூட்டிட்டு வந்தேன்.

ஃப்ரிட்ஜா? ஃப்ரிட்ஜ எதுக்கு ஆஃப் பண்ணணும்? உள்ள மீனு கெடக்குல்லா? ஃப்ரிட்ஜ் வேற, இது வேற. நீரு வேலையப் பாரும்.

கடல்ல என்ன இருக்கு? மணலு இருக்கு, தண்ணி இருக்கு. மருமவன் படம் எடுத்தாரு. எமல்டா முழங்கால் தண்ணியில போய் நின்னா, சேலக் கரையெல்லாம் நனஞ்சி. நேரமாச்சு, அண்ணன் வந்துருவாருன்னு கூப்பிட்டேன். "கொஞ்சம் கழிஞ்சி போவோம்"ங்கா. மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்து, "அது அங்க வெந்துகிட்டு இருக்கும்லா, உங்களுக்கு என்ன அவசரம்?"னு சொல்லிச் சிரிச்சிட்டு மறுபடி கடலப் பாத்துத் திரும்பிகிட்டா. கொமரிப் பிள்ள சிரிக்க மாதிரி ஒரு சிரிப்பு. நான் வண்டிப் பக்கமாப் போய் நின்னேன்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் மொதல்ல உள்ள போனேன். போய் சுவிட்சப் போட்டேன். பின்ன போடாண்டாமா? வீட்டுக்கு ஆளு வந்தாச்சில்லா?

போட்ட கையோட அண்ணனும் மைனியும் வந்து நின்னாங்க. மவ தட்டு வச்சா. மருமவன் இந்தச் சட்டியத் தூக்கி மேசைக்க நடுவுல கொண்டு வச்சி, நக பெட்டி தொறக்க மாதிரி மூடியத் தொறக்காரு. உள்ள பாத்தா, மேல எறச்சி நெய்யி வெள்ளையா ஒறஞ்சி கெடக்கு. கரண்டிய விட்டாரு, வேவாத கெழங்கு கடக்குன்னு சத்தம் போடுகு. மருமவனுக்க மொகம் போன போக்க நீரு பாத்திருக்கணும். "லைட்டு எரிஞ்சிகிட்டுத்தான இருந்துது மாமா"ங்காரு. அண்ணன் விட்டாரு பாரும் ஒரு சிரிப்பு. "லேய் தாசையா, உனக்க மருமவன் பச்சக்கெழங்கு விருந்துல்லா வைக்காரு"ன்னாரு.

மருமவனுக்கு வேர்த்து ஊத்துகு. "வோல்டேஜ் கொறவா இருந்திருக்குமோ"ங்காரு. எனக்கு வந்துது பாரும். "மருமவனே, இந்தத் தெரு வோல்டேஜக் குத்தம் சொல்லாதீங்க. இது நான் நின்னு இழுத்த லைனு. உங்க மெசினுதான் செரியில்ல. மெதுவா வேவுமாம், மெதுவா! வெந்தாத்தான மெதுவா வேவதுக்கு"ன்னு நல்லாக் குடுத்தேன். பாவம், அவரு கையெடுத்துக் கும்பிடாத கொறையா அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்காரு.

அப்ப எமல்டா எழும்பி வந்து, இந்தா இந்தச் சட்டிக்க வெளிப் பக்கத்துல உள்ளங்கைய வச்சா. அது பச்சத் தண்ணி மாதிரி இருந்திருக்கும். வச்ச கைய எடுக்கல. அப்பிடியே என்னய ஒரு பார்வ பாத்தா. அவளுக்க கோவம் எனக்குத் தெரியும் தம்பி, எத்தன வருசமாப் பாத்த கோவம். இது அது இல்ல. பின்ன கைய எடுத்து முந்தானையில தொடச்சிட்டுப் போய் மைனிக்குப் பக்கத்துல ஒக்காந்தா.

செரி, இனி நம்ம வீட்டுக் கெத்த அண்ணனுக்குக் காட்டணும்லா? எனக்க வீட்டுக்காரி நெனச்சா அர மணிக்கூறுல ஒரு பந்திக்கு வச்சி எறக்குவா, அது அண்ணனுக்கும் தெரியும். "ஏட்டி, எழும்பு. மீன எடுத்துப் பொரி, ரசத்த வை, குக்கர்ல சோறு போடு"ன்னேன்.

அவ எழும்பல.

"மருமவன் இன்னைக்கு எனக்கு லீவு தந்திருக்காரு. நான் எழும்ப மாட்டேன்." சத்தம் போட்டுக்கூடச் சொல்லல. மேசையில ரெண்டு கையையும் வச்சிகிட்டு, ஆபீசுல ஆபீசர் இருக்க மாதிரி இருக்கா. நான் மறுபடி கூப்பிட்டேன். அண்ணன் என்னயப் பாக்காரு, மைனி தரையப் பாக்கா, மவ அவளுக்க அம்மையப் பாக்கா. நாக்கப் பிடுங்கிகிட்டுச் சாவலாம் போல இருந்துது. கட்டுன பொண்டாட்டிய ஒரு ரசம் வைக்கச் செய்ய முடியாதவன்னு அண்ணன் ஊரு பூரா சொல்லுவாரே!

நான் ஸ்கூட்டர எடுத்துகிட்டு பரோட்டா வாங்கப் போனேன். வேற என்ன செய்யச் சொல்லுகீரு? ஞாயித்துக்கிழம கடையில கூட்டம். வேர்த்து வழிஞ்சி, பொட்டலத்தத் தூக்கிகிட்டு வாறேன், வீட்டுக்குள்ள இருந்து ஒரே சிரிப்பு. என்னன்னு பாத்தா, மருமவன் எல்லாத்தையும் வழிச்சி பிரசர் குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டிருக்காரு. எல்லாரும் தின்னுகிட்டு இருக்காவ. எனக்காக ஒருத்தரு காத்துகிட்டு இருக்கல. அண்ணன் ரெண்டாவது மட்டம் போட்டுத் திங்காரு. "லேய், பாலு ஊத்துனது நல்லாத்தாம்ல இருக்கு"ங்காரு. பரோட்டாவ ஒருத்தரு பிரிச்சிப் பாக்கல தம்பி. மறுநாளு காலையில கோழிக்குப் போட்டோம்.

நானும் கைய கழுவிட்டு ஒக்காந்தேன். எமல்டா ஒரு தட்ட எனக்க முன்னால வச்சா. தட்டுல என்ன இருக்கு? மூணு வட்டம் கெழங்கு. குக்கர்ல போடதுக்கு முன்னாலயே எடுத்து வச்சது. பச்ச.

மைனி பாத்துட்டு, "ஐயோ எமல்டா, அது வேவாததுல்லா"ன்னா. இவ சொல்லுகா, "அவருக்கு இப்பிடி இருந்தாத்தான் பிடிக்கும் அக்கா."

தின்னேன். அண்ணன் முன்னால தட்டத் தள்ளி விடவா முடியும்? கடக்கு, கடக்குன்னு எனக்க காதுக்கே கேட்டுது. மருமவன் பதறிப் போய், "மாமா, நல்லதப் போடுகேன்"ன்னு கரண்டிய எடுக்காரு. "வேண்டாம், எனக்கு இதுதான் பிடிக்கும்"னேன். வேற என்ன சொல்ல?

இப்ப சொல்லும், சுவிட்ச ஆஃப் பண்ணது ஒரு குத்தமா? குத்தம்னா அவ அப்பவே சொல்லியிருக்கணும்லா? அண்ணன் முன்னால, "இவருதான் அணச்சாரு"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் நல்லாக் குடுத்திருப்பேன். ஆளில்லாத வீடு, கருகுன கதை, எல்லாம் எடுத்து விட்டிருப்பேன். அண்ணனே எனக்க பக்கம் நின்னிருப்பாரு. அவ சொல்லல. அன்னைக்கும் சொல்லல, அதுக்குப் பொறவும் சொல்லல. மவகிட்டயும் சொல்லல, மருமவன்கிட்டயும் சொல்லல. என்கிட்டகூட ஒரு வார்த்த கேக்கல தம்பி. சோறு போடுகா, பேசுகா, பாட்டுப் பாடிகிட்டுத் துணி காயப் போடுகா. நான் என்னதான் செய்ய? சண்ட போடதுக்கும் ஒரு ஆளு வேணும்லா?

அவங்க ஊருக்குப் போயாச்சு. மெசின இஞ்ச விட்டுட்டுப் போயாச்சு. மருமவன் தெனமும் போன் பண்ணுகாரு. "மாமா, என்னால உங்க விருந்து கெட்டுப் போச்சு"ங்காரு. எத்தன மட்டம் மன்னிப்பு கேப்பாரு ஒரு மனுசன்? எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது கூசுகு. புதுசு ஒண்ணு வாங்கி அனுப்புகேன்னு வேற நிக்காரு. முந்தாநாளு கேக்காரு, "மாமா, ஒருவேள பிளக்கு மாத்துனதுல லூஸ் கனெக்சனா இருக்குமோ?"

கேட்டீரா? எனக்க பிளக்குல லூஸ் கனெக்சன்! போஸ்டுல தொங்கி நரச்சவன் போட்ட பிளக்குல! போன எமல்டாகிட்ட குடுத்துட்டேன். அவ, "மாமா கடையில குடுத்துப் பாக்காரு மக்களே"ன்னு சொல்லி வச்சிட்டா. அதான் வந்தேன்.

என்ன? சூடாவுகா? கையால தொட்டுப் பாக்காண்டாம், எனக்குத் தெரியும். இதுல ஒரு மண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான் அதுக்கு வரல.

நீரு எனக்கு ஒரு காரியம் செய்யணும். மருமவனுக்க நம்பர் தாறேன். கூப்பிட்டு, "உள்ள ஒரு வயரு விட்டுப் போச்சு, இப்ப மாத்தியாச்சு"ன்னு ஒரு வார்த்த சொல்லிரும். பிளக்குல கொற இல்லன்னு மறக்காமச் சொல்லும், அதுதான் முக்கியம். பொய்யின்னு ஏன் நெனைக்கீரு? அந்த மனுசனுக்கு மனசு ஆறும்லா? அவருக்காகத்தான் சொல்லுகேன். எனக்கு என்ன வந்துது?

எதுக்குச் சிரிக்கீரு?

யாரு கூப்பிட்டா? எமல்டாவா? உம்மகிட்டயா? எப்போ? நான் வீட்டுல இருந்து எறங்கதுக்கு முன்னாலயா? ஓ, உம்ம அம்மையும் அவளும் கோயில்ல ஒண்ணாப் பாடுகவங்களா? அது எனக்குத் தெரியாது. செரி, என்ன சொன்னா? என்னயப் பத்தி என்ன சொன்னா? எல்லாத்தையும் சொல்லிட்டாளா?

சொல்லும்வே. முழுங்காதயும். அவ சொன்னத அப்பிடியே சொல்லும்.

"அவரு சட்டியோட வருவாரு. ஒண்ணும் கேக்காத மக்களே. மருமவன்கிட்ட உள்ள வயரு விட்டுப் போச்சுன்னு சொல்லிரு. பிளக்குல கொற இல்லன்னும் சொல்லிரு. இல்லன்னா அவரு தாங்க மாட்டாரு."

அப்பிடியா சொன்னா? பிளக்குக் காரியத்தையுமா? அதப் பத்தி நான் அவகிட்ட மூச்சு விடலியே தம்பி. போன கையில குடுத்தேன், அவ்வளவுதான்.

தாங்க மாட்டேனாம். நானு! மழையிலயும் இடியிலயும் போஸ்டுல ஏறி நின்னவன். பாத்தீரா அவளுக்க திமிர? எனக்காக ஒரு கடைக்காரப் பையன்கிட்ட போய்க் கெஞ்சியிருக்கா. எவன் கேட்டான் அவகிட்ட? அவ என்னயத் திட்டியிருக்கலாம். அண்ணன் முன்னாலயே திட்டியிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். இது என்னத்த?

மூடும். மூடித் தாரும். என்னத்தையாவது அவருகிட்ட சொல்லும், அவ சொன்னதயே சொல்லும், நான் சொன்னதும் அதுதான. வெளிய எடுத்து வையும், நான் போறேன்.

இல்ல, செத்த நேரம் இஞ்ச இருந்துகிடுகேன். இப்பப் போனா அவ வீட்டு வாசல்லதான் நிப்பா. "செரியாச்சா?"ன்னு கேப்பா. அவ கேட்டா நான் என்னத்தத் தம்பி சொல்லுவேன்?